சுரண்டியது யார்? சுரண்டப்பட்டது யார்?

சென்ற மாதம் பத்திரிகைச் சந்தா வசூலுக்காக வத்திராயிருப்புப் பக்கம் போயிருந்தோம். கூமாப்பட்டி, கான்சாபுரம், மகாராஜபுரம் எல்லாம் சுற்றிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஒரு தோழரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். தோழர் தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கும் தொழிலாளி. அவருடைய தகப்பனார் ராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து காலமானவர். மகன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறான். அந்தப் பையன் உள்ளே போய் ஒரு தடித்த ஆல்பத்தை எடுத்து வந்து நம் மடியில் வைத்தான்.

"மாமா, இது நான் சேர்த்தது. பாருங்க" என்றான்.

முதல் பாதி முழுவதும் தீப்பெட்டிப் படங்கள். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வருபவைதான். பின்பாதியைப் புரட்டியதும் நாம் திடுக்கிட்டோம். பக்கம் பக்கமாகச் சுரண்டல் லாட்டரிச் சீட்டுகள்! சிக்கிம், நாகாலாந்து, மிசோரம், பூட்டான் என்று நாம் கண்ணால் காணாத ஊர்களின் பெயர்கள். வெள்ளிப் பூச்சைக் காசு கொண்டு சுரண்டிய தடம் ஒவ்வொரு சீட்டிலும் அப்படியே இருந்தது. தாத்தாவின் தகரப் பெட்டியில் கட்டுக் கட்டாகக் கிடந்தவற்றை எடுத்து, ராஜ்ய வாரியாகப் பிரித்து அழகாக ஒட்டியிருக்கிறான். அமெரிக்காவில் இதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்றும், அங்கே சுரண்டாத சீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம் என்றும் சொன்னான்.

நாம் பாராட்டினோம். அடுப்படியிலிருந்து அவனுடைய அப்பத்தா எட்டிப் பார்த்தார். எழுபது வயதைத் தாண்டியவர். நாற்று நட்டும் களை பறித்தும் முதுகு வளைந்தவர்.

"நல்லாப் பாருப்பா! அந்தப் பொஸ்தகத்துல எந்தப் பக்கத்துலயோ எம் மூக்குத்தி இருக்கு" என்றார்.

திண்ணையில் யாரும் பேசவில்லை. பையன் மெதுவாக ஆல்பத்தை மூடினான்.

தொழிலாளித் தோழர்களே! அந்த மூக்குத்தியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

பொழுதுபோக்கை நாம் குறை சொல்லவில்லை. நாமே பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது இதைச் செய்தவர்கள்தான். 1990-களில் வத்திராயிருப்பு பஸ் நிறுத்தத்தில் லாட்டரிக் கடையைச் சுற்றிச் சுரண்டிப் போட்ட சீட்டுகள் சருகு போலக் கிடக்கும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்குப் போகிற கூட்டம் தாணிப்பாறைப் பக்கம் திரும்பும் நாட்களில் இன்னும் அதிகம் கிடைக்கும். பொறுக்கி எடுத்து, எண்ணி, அடுக்கி வைப்போம். எவனிடம் அதிகம் இருக்கிறதோ அவன்தான் பணக்காரன்! ஒவ்வொரு சீட்டும் ஒருவருடைய அரை நாள் கூலியா, ஒரு வேளைக் கஞ்சியா என்று அந்த வயதில் நமக்குத் தெரியாது. இன்று தெரிகிறது.

அந்த ஆல்பத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதிலுள்ள அத்தனையும் விழாத சீட்டுகள்! ஏன்? விழுந்த சீட்டைக் கடைக்காரனிடம் கொடுத்தால்தான் காசு. ஆகவே அது வீட்டில் தங்காது. விழாத சீட்டுதான் பெட்டியில் தங்கும். ஆனால் ஊரின் ஞாபகத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. விழுந்தவனைப் பற்றித்தான் டீக்கடையில் பேச்சு. விழுந்தவன் படம்தான் பத்திரிகையில் வரும். விழாத லட்சக்கணக்கானவர்களின் படத்தை எந்தப் பத்திரிகை போட்டது? அவர்களுடைய சரித்திரத்தை வத்திராயிருப்பில் ஒரு பையன் தெரியாமலே தொகுத்து வைத்திருக்கிறான். அந்த வகையில் அது பொழுதுபோக்கு ஆல்பம் அல்ல; ஒரு கணக்குப் புத்தகம்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒரு மில் தொழிலாளி ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது ஐந்து ரூபாய்ச் சீட்டு இரண்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குப் பத்து ரூபாய். மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 260 ரூபாய். வருஷத்துக்கு 3,120 ரூபாய். இடையில் ஐந்தும் பத்தும் விழத்தான் செய்யும். அந்தக் காசை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோனதுண்டா? கடை வாசலிலேயே இன்னும் இரண்டு சீட்டாக மாறிவிடும். 1990-களில் 3,120 ரூபாய் என்றால் அது ஒரு மூக்குத்தி மட்டுமல்ல!

இந்தச் சுரண்டல் சீட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும். குலுக்கல் லாட்டரியில் சீட்டை முதலில் விற்பார்கள், பிறகு குலுக்குவார்கள். சுரண்டல் சீட்டில் குலுக்கலே கிடையாது. அச்சு இயந்திரத்தை விட்டு வெளியே வரும்போதே எந்தச் சீட்டுக்குப் பரிசு, எதற்கு நாமம் என்பது முடிவாகிவிடுகிறது. நாம் காசு கொண்டு சுரண்டுவது அந்தத் தீர்ப்பை வாசிக்க மட்டுமே. மூன்று கட்டத்தில் ஒரே தொகை வந்தால் பரிசு என்பார்கள். சுரண்டினால் இரண்டு கட்டத்தில் லட்சம், மூன்றாவதில் வேறு ஏதோ! "அடடா, ஒன்றுதானே தப்பியது" என்று மனம் அடித்துக்கொள்ளும். கை மறுபடியும் சட்டைப் பைக்குப் போகும். ஒன்று தப்பினாலும் மூன்று தப்பினாலும் நஷ்டம் ஒன்றுதான். ஆனால் 'கிட்டத்தட்ட விழுந்துவிட்டது' என்ற மயக்கத்தைத்தான் அந்தச் சீட்டு விற்கிறது.

குலுக்கல் லாட்டரிக்காரன் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் புத்தி தெளியவும் கூடும். சுரண்டலில் அந்த இடைவெளி இல்லை. வாங்கு, சுரண்டு, தோற்று, மறுபடி வாங்கு! 1974-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் இந்த வகைச் சீட்டை முதன்முதலில் விற்பனைக்கு விட்டது. சில ஆண்டுகளிலேயே அது உலகமெங்கும் பரவியது. ஆலையில் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டி உழைப்பைப் பிழிவது முதலாளியின் வழக்கம். ஆலைக்கு வெளியே நம் ஆசையையும் அதே முறையில் வேகம் கூட்டிப் பிழிந்தார்கள். தமிழில் இதற்குச் 'சுரண்டல் லாட்டரி' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்கு நம் நன்றி. வர்க்கப் போராட்ட வகுப்பில் நாம் ஒரு மணி நேரம் விளக்குவதை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்!

லாட்டரி புதிய சரக்கு அல்ல. வெள்ளைக்காரன் கல்கத்தாவில் தெருக்களும் குளங்களும் வெட்டுவதற்கு 1817-ல் லாட்டரிக் கமிட்டியே அமைத்தான். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்திலும், சர்க்கார் நடத்தும் லாட்டரிக்கு மத்தியப் பட்டியலில் இடம் உண்டு. நம் ராஜ்யத்தில் 1968-ல் அண்ணாதுரை சர்க்கார் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அன்றைய கோஷம். 1975-ல் கருணாநிதி சர்க்கார் அதை நிறுத்தியது. பிறகு மறுபடியும் வந்தது. வெளி ராஜ்யங்களின் சீட்டுகளும் சுரண்டல் சீட்டுகளும் வெள்ளமாய்ப் பாய்ந்தன. பார்லிமெண்ட் 1998-ல் ஒரு சட்டம் செய்தது. ஒற்றை எண்ணுக்குப் பரிசு கூடாது, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது, சர்க்காரே குலுக்க வேண்டும், விரும்பாத ராஜ்யம் வெளிச் சீட்டைத் தடை செய்யலாம் என்றெல்லாம் அது கூறியது. கடைசியில் 2003 ஜனவரியில் ஜெயலலிதா சர்க்கார் தமிழ்நாட்டில் லாட்டரி முழுவதையும் தடை செய்தது.

தடை சரியானது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் தடை வந்த மறுநாள் நடந்தது என்ன? சீட்டு விற்றுப் பிழைத்த கால் ஊனமுற்றவர், கண் தெரியாதவர், வயதானவர் எல்லோரும் நடுத் தெருவில் நின்றார்கள். மொத்த வியாபாரிகளோ வேறு ராஜ்யங்களில் கடை விரித்தார்கள். சிறியவன் பட்டினி, பெரியவன் பத்திரம்!

இவ்வளவுக்கும் பிறகு லாட்டரி ஒழிந்ததா? ஒழியவில்லை. 'மூன்று நம்பர்' என்ற பெயரில் துண்டுச் சீட்டாக மாறியது. கேரளச் சீட்டின் கடைசி எண்களை வைத்துச் சூதாட்டம் நடக்கிறது. சீட்டும் இல்லை, அச்சும் இல்லை, பரிசு தராவிட்டால் கேட்க நாதியும் இல்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே அழிந்தது. கடனிலும் மூன்று நம்பர் லாட்டரியிலும் சிக்கியதை அவரே சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குழந்தைகள் எந்தச் சீட்டை வாங்கினார்கள்?

இதைக் காட்டிச் சிலர், "தடையால் பயன் இல்லை; சர்க்காரே மறுபடி லாட்டரி நடத்தட்டும். கஜானாவுக்கு வருமானம், கள்ளச் சீட்டும் ஒழியும்" என்று அவ்வப்போது குரல் எழுப்புகிறார்கள். உடனே நம்மைப் பார்த்து இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள்: "கேரளத்தில் உங்கள் கம்யூனிஸ்டுகள்தானே லாட்டரி ஆரம்பித்தார்கள்?"

கேள்வி நியாயமானது. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆம்! 1967-ல் தோழர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதன் மந்திரியாக இருந்த கூட்டணி சர்க்காரில்தான் கேரள லாட்டரி பிறந்தது. அப்போது நிதி மந்திரி பி.கே. குஞ்ஞு. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ல் நடந்தது. அந்த லாட்டரியைச் சர்க்கார் இலாகாவே நடத்துகிறது. சுரண்டல் சீட்டு அங்கே கிடையாது. ஆயிரக்கணக்கான ஊனமுற்றோரும் முதியோரும் சீட்டு விற்று வயிறு கழுவுகிறார்கள். 2011-ல் தொடங்கிய காருண்ய லாட்டரியின் பணம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு என்று ஒதுக்கப்பட்டது. இவை உண்மைகள்.

ஆனால் மறுபக்கமும் உண்மை. நோயாளி ஏழைக்கு மருந்து வாங்கும் அந்தப் பணம் யாருடைய மடியிலிருந்து வந்தது? தேயிலைத் தோட்டக்காரனா கொடுத்தான்? தினக்கூலியும் ஆட்டோத் தொழிலாளியும் கொடுத்த காசு அது. ஓர் ஏழையின் பையிலிருந்து எடுத்து இன்னோர் ஏழைக்குக் கொடுப்பது தர்மமாக இருக்கலாம், சோஷலிஸமாகாது. மத்திய சர்க்கார் ராஜ்யங்களின் கழுத்தை நெரிக்கும்போது, ஒரு ராஜ்யம் இப்படிக் காசு தேட வேண்டி வந்தது என்பதை நாம் உணர்கிறோம். நிர்ப்பந்தத்தில் செய்ததைக் கொள்கை என்று கொண்டாடத் தேவையில்லை. நாம் நகல் எடுக்கவும் தேவையில்லை. சோவியத் நாட்டில்கூட 1970-ல் 'ஸ்போர்ட்லோட்டோ' என்ற லாட்டரி நடந்தது. நம்மவர் செய்ததால் ஒரு தவறு சரியாகிவிடாது.

கேரளத்து ஓணம் பம்பரின் கணக்கைப் பாருங்கள். 2023-ல் ஒரு சீட்டு 500 ரூபாய். முதல் பரிசு 25 கோடி. நம் ராஜ்யத்தைச் சேர்ந்த நான்கு பேர் கூட்டாக வாங்கிய சீட்டுக்கு அது விழுந்தது. உடனே இங்கிருந்து எல்லை தாண்டிப் போகிற கூட்டம் பெருகியது. விற்ற சீட்டுகள் 70 லட்சத்துக்கு மேல். விருதுநகர் மாவட்டத்தின் ஜனத்தொகை, 2011 கணக்கெடுப்புப்படி, சுமார் 19 லட்சம். தொட்டில் குழந்தை முதல் கட்டிலில் கிடக்கும் கிழவர் வரை ஆளுக்கு மூன்று சீட்டு கொடுத்தாலும் இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். இத்தனைக்கும் ஒரே ஒரு முதல் பரிசு! பிளவக்கல் அணையில் ஒரு நெல்லைப் போட்டுவிட்டுத் தேடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?

பரிசு ஒருவருக்கு நிச்சயமில்லை. ஆனால் லாபம் ஒருவருக்கு நிச்சயம். யாருக்கு? 2024 மார்ச்சில் நாடே அதைப் பார்த்தது. தேர்தல் பத்திரத் திட்டம் சட்ட விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் 2024 பிப்ரவரி 15-ல் தீர்ப்பளித்த பிறகு கணக்கு வெளியே வந்தது. தேசத்திலேயே மிக அதிகமாகப் பத்திரம் வாங்கிய கம்பெனி எது? டாட்டாவா, அம்பானியா? இல்லை! 'ஃப்யூச்சர் கேமிங்' என்ற லாட்டரிக் கம்பெனி! தொகை 1,368 கோடி ரூபாய். திரிணாமுல் காங்கிரஸுக்கு 500 கோடிக்கு மேல் போயிற்று. தி.மு.க.வும் 500 கோடிக்கு மேல் பெற்றதாகத் தானே தேர்தல் கமிஷனிடம் தெரிவித்தது. பா.ஜ.க.வுக்கும் பங்கு உண்டு. கட்சிகளுக்குக் கொடுத்ததே இவ்வளவு என்றால், சம்பாதித்தது எவ்வளவு? நாணயத்தால் சுரண்டி எறிந்த ஐந்து ரூபாய்களும் பத்து ரூபாய்களும் எந்தக் கடலில் போய்ச் சேர்ந்தன என்பது இப்போது தெரிகிறதல்லவா?

இடதுசாரிக் கட்சிகள் அந்தப் பத்திரங்களை வாங்கவில்லை. இது நமக்குப் பெருமை. ஆனால் சுயவிமர்சனமும் வேண்டும். 2007-ல் கேரளத்தில் நம் இயக்கத்தின் நாளேடான தேசாபிமானி, ஒரு லாட்டரி முதலாளியிடம் 2 கோடி ரூபாய் வாங்கி, கண்டனம் எழுந்த பிறகு திருப்பிக் கொடுத்தது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்து விரல் நீட்டினால், எந்தத் தொழிலாளி நம்மை நம்புவான்? சூதாட்டக் காசு எந்தக் கையில் பட்டாலும் கறைதான்.

இன்று சுரண்டுவதற்கு நாணயம்கூட வேண்டாம், விரல் போதும். கைபேசியில் பணம் அனுப்பினால் ஒரு வெள்ளிக் கட்டம் வருகிறது. தேய்த்தால் 'அடுத்த முறை அதிர்ஷ்டம்' என்கிறது. அது இலவசம்தான். ஆனால் தேய்க்கும் பழக்கத்தை அது கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ரம்மியும் சூதும் உள்ளே நுழைந்தன. எத்தனையோ உயிர்கள் போன பிறகு, ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை 2022-ல் நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டசபை 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றிய பிறகே கையெழுத்துக் கிடைத்தது. 2025-ல் மத்திய சர்க்காரும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டு வந்தது. நல்லது. ஆனால் மூன்று நம்பர் விஷயத்தில் நாம் கண்டதை மறக்கக் கூடாது. காகிதத்தில் தடை இருந்தால் போதாது. தெருவிலும் இருக்க வேண்டும்.

தொழிலாளி ஏன் சீட்டு வாங்குகிறான்? மடையன் என்பதாலா? இல்லை. மகள் கல்யாணத்துக்கும், தகப்பன் ஆஸ்பத்திரிச் செலவுக்கும், கந்து வட்டிக் கடனுக்கும் அவனுடைய கூலி காணாது. முப்பது வருஷம் உழைத்தாலும் கிடைக்காத தொகையை ஒரு நிமிஷத்தில் தருவதாக ஒரு காகிதம் சொல்கிறது. நம்பிக்கைக்கு வேறு கதவு திறக்காதபோது அந்தக் கதவைத் தட்டுகிறான். ஆகவே 'வாங்காதே' என்று உபதேசம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் நம் வேலை முடியாது. வேறு கதவைத் திறந்து காட்ட வேண்டும்.

ஆலை வாசலில் மூன்று நம்பர் விற்கிறவனைச் சங்கம் கவனிக்க வேண்டும். போலீஸ் பிடிப்பது ஐம்பது ரூபாய் கமிஷனுக்கு நிற்கிற பையனைத்தான். அவனுக்குப் பின்னால் இருக்கும் முதலாளியைப் பிடிக்கக் கேட்க வேண்டும். கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கம், கடனில் மூழ்கியவன் வெட்கப்பட்டு ஒளியாமல் வந்து பேசுவதற்கு இடம் தர வேண்டும். கூட்டுறவு சங்கத்தில் நியாய வட்டிக்குக் கடன் கேட்டுப் போராட வேண்டும். ஒருவன் தனியாகச் சீட்டு வாங்கினால் 70 லட்சத்தில் ஒரு பங்கு நம்பிக்கை. நூறு பேர் சேர்ந்து கூலி உயர்வு கேட்டால், விழுவது எல்லோருக்கும் விழும்! இது குலுக்கலில் கிடைப்பதல்ல. கூடி நிற்பதில் கிடைப்பது.

புறப்படும்போது அந்தப் பையனிடம் ஒன்று சொன்னோம். ஆல்பத்தைக் கிழிக்க வேண்டாம், அப்படியே வைத்திரு. அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வா. தாத்தா சுரண்டிய தடத்தை எல்லோரும் பார்க்கட்டும். ஆனால் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிச் சேர்.

"என்ன எழுதணும் மாமா?" என்றான்.

நாம் யோசிப்பதற்குள் அப்பத்தாவே பதில் சொல்லிவிட்டார்:

"எம் பேரை எழுதுடா. காசு போட்டது நான்தானே!"